பதினோராமவர் வந்தால்?

கூடைப்பந்தாட்டத்தில் ஒரு குழுவிலிருந்து ஒரு சமயத்தில் ஐந்து பேர்தான் களத்தில் ஆடலாம் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு கல்லூரிக் குழுவில் 10 ஆட்டக்காரர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரைப் பயிற்சியாளர் எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம்? யார் எந்த இடத்தில் நிற்பது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். 10×9×8×7×6 என்ற பெருக்குத்தொகையை 5×4×3×2×1 ஆல் வகுத்தால் 252 கிடைக்கும்.

இப்போது புதிதாக ஒருவர் வந்து சேருகிறார். அதே முறையில் 11 பேருக்குக் கணக்கிடுங்கள்: 462! ஒரே ஒருவர் வந்ததால் 210 புதிய ஐவர் கூட்டங்கள். இவை ஒவ்வொன்றிலும் புதியவர் இருப்பார். அவரோடு நிற்கும் நால்வரைப் பழைய 10 பேரிலிருந்து 210 விதமாகப் பொறுக்கலாம் அல்லவா?

வழிகள் பெருகின, நேரம் பெருகவில்லை. அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் 40 நிமிடம். ஐந்து இடங்களுக்கும் சேர்த்து 200 நிமிடங்கள். புதியவர் 30 நிமிடம் ஆடினால், அந்த 30 நிமிடமும் பழையவர்களிடமிருந்துதான் வர வேண்டும். நேற்றுவரை தொடக்க ஐவரில் இருந்த ஒருவர் இன்று பெஞ்சில் உட்காருவார். அவருடைய மனநிலைக்குச் சூத்திரம் ஏதும் இல்லை.

உண்மையில் நடந்த ஒன்றைப் பாருங்கள். லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகம் 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் அமெரிக்கக் கல்லூரிகளின் சாம்பியன். 1965இல் ஏழடிக்கு மேல் உயரமுள்ள லூ ஆல்சிண்டர் என்ற மாணவர் அங்கே சேர்ந்தார். (பிற்காலத்தில் கரீம் அப்துல்-ஜப்பார் எனப் புகழ்பெற்றவர் இவரே.) முதலாண்டு மாணவர்கள் முதன்மைக் குழுவில் ஆட அக்காலத்தில் விதி இடந்தரவில்லை. எனவே அவர்களுக்குத் தனிக் குழு. அந்தப் புதுமுகங்கள் 1965 நவம்பரில் சாம்பியன்களான தங்கள் மூத்த மாணவர்களையே 75–60 என்று தோற்கடித்தார்கள்!

மறு ஆண்டு தொடக்க ஐவரில் நால்வர் அந்தப் புதுமுகக் குழுவினர். முந்தைய ஆண்டு முதன்மைக் குழுவில் ஆடியவர் மைக் வாரன் மட்டுமே. பயிற்சியாளர் ஜான் உடன் ஆள்களை மாற்றியதோடு நிற்கவில்லை. அதுவரை ஃப்ரீ த்ரோ கோட்டருகே நின்ற நடு ஆட்டக்காரரின் இடத்தைக் கூடைக்கு அருகே கொண்டுவந்தார். எதிரிகள் இருவர் மூவராக ஆல்சிண்டரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஐந்து எதிரிகளில் மூவர் ஒருவரிடமே நின்றால் மீதி நால்வரைத் தடுக்க இருவர்தானே மிஞ்சுவார்கள்? மூலையில் காத்திருந்த லின் ஷாக்கல்ஃபோர்டு தொலைவிலிருந்தே பந்தைக் கூடையில் போட்டார். ஆல்சிண்டர் பந்தைத் தொடாத போதும் அவருடைய உயரம் வேலை செய்தது! 1966–67இல் அந்தக் குழு ஆடிய 30 ஆட்டங்களிலும் வென்று சாம்பியனாயிற்று.

ஆக, 462 என்ற எண் வழிகளைச் சொல்கிறதே தவிர, எது நல்ல வழி என்று சொல்வதில்லை. கூடைக்கடியிலேயே நிற்கப் பழகிய இரண்டு நெட்டையர்கள் ஒரே ஐவரில் இருந்தால் ஒருவர் வழியை மற்றவர் அடைத்துக்கொள்ளக்கூடும். நம் கற்பனைக் குழுவில் புதியவரும், பழையவர்களுள் ஒருவரும் இப்படிப்பட்டவர்கள் என்று கொள்ளுங்கள். இருவரையும் ஒன்றாக இறக்குவதில்லை என்று பயிற்சியாளர் முடிவு செய்துவிட்டார். அப்படியானால் அவருக்கு மிஞ்சும் வழிகள் எத்தனை? காகிதத்தில் போட்டுப் பாருங்கள். 378 வந்தால் சரி.