இருசில்லு உழவு இயந்திரத்தால் பெட்டி இழுத்தல்: ஏற்ற இறக்கங்களுக்குரிய கியரைத் தெரிதல்

அறுவடை முடிந்ததும் நெல் மூடைகளை வயலிலிருந்து வீட்டிற்கும் ஆலைக்கும் கொண்டு செல்வதற்கு இருசில்லு உழவு இயந்திரமும் அதன் பின்னே பூட்டப்படும் பெட்டியும் இலங்கையின் நெற்செய்கைப் பகுதிகளிற் பெரிதும் பயன்படுகின்றன. கமக்காரர் 'லான்ட்மாஸ்டர்' என வழங்குவது இதனையே. சமதரையில் இவ்வேலை எளிது. ஆயின், குளக்கட்டின் மேல் ஏறி இறங்கும் பாதைகளிலும் வாய்க்காற் பாலங்களை அடுத்த சரிவுகளிலும் பொருத்தமற்ற கியரிற் செல்வதனால் எஞ்சின் நின்றுவிடுதலும், பெட்டி பின்னின்று தள்ளி இயந்திரத்தைக் கவிழ்த்தலும் நேரக்கூடும். சரிவுக்கு உரிய கியரைத் தெரிந்துகொள்ளும் முறை இங்கு விளக்கப்படுகின்றது.

கியர் செய்யும் வேலை

எஞ்சின் விரைவாகச் சுழலும். சில்லு மெதுவாகச் சுழலும். இடையிலுள்ள பட்டிகளும் பற்சில்லுகளும் எஞ்சினின் வேகத்தைக் குறைத்து, அதே அளவிற்கு இழுக்கும் வலிமையைக் கூட்டுகின்றன. சில்லு ஒரு முறை சுழல்வதற்கு எஞ்சின் எத்தனை முறை சுழல்கின்றதோ அதுவே குறைப்பு விகிதம் எனப்படும். அச்சினை அடுத்துள்ள இறுதிப் பற்சில்லுகளின் விகிதம் இயந்திரத்தை ஆக்கியோரால் நிலையாக அமைக்கப்பட்டது. சாரதி மாற்றக்கூடியது கியர்ப் பெட்டியின் விகிதம் ஒன்றே.

உதாரணமாக, நிமிடத்திற்கு 2,400 முறை சுழலும் எஞ்சினையும், 64 சதமமீற்றர் விட்டமுள்ள ரயர்களையும் எடுத்துக்கொள்வோம். இச்சில்லு ஒரு முறை சுழன்றால் இயந்திரம் ஏறத்தாழ 2 மீற்றர் தூரம் செல்லும். குறைப்பு விகிதம் 20 ஆகுமிடத்து வேகம் மணிக்கு 14.4 கிலோமீற்றர்; விகிதம் 60 ஆகுமிடத்து 4.8 கிலோமீற்றர். வேகம் மூன்றிலொன்றாகக் குறைய, சில்லிற் கிடைக்கும் இழுவிசை மும்மடங்காகின்றது. முன்னதை உயர்ந்த கியர் என்றும், பின்னதைத் தாழ்ந்த கியர் என்றும் கொள்க. பெரிய ரயர்களைப் பூட்டினால் வேகம் கூடும். இழுவிசை அந்த அளவிற்குக் குறையும்.

ஏற்றத்தில் நிகழ்வது

இயந்திரம், பெட்டி, பாரம், சாரதி ஆகியவற்றின் மொத்த நிறை 1,500 கிலோகிராம் என்க. இறுகிய கிறவற் பாதையில், சமதரையில் இதனை நகர்த்துவதற்கு அந்நிறையின் முப்பதிலொரு பங்கு, அதாவது 50 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை வேண்டும் எனக் கொள்ளலாம். 10 மீற்றருக்கு 1 மீற்றர் உயரும் ஏற்றத்தில் மேலும் 150 கிலோகிராம் வேண்டும். ஆகவே, தேவையான இழுவிசை 50 இலிருந்து 200 ஆக நான்கு மடங்காகின்றது.

இவ்வேற்றத்தை உயர்ந்த கியரில் ஏறுவதற்குச் சில்லில் 10 பரிவலுவிற்கு மேல் வேண்டும். 8 பரிவலு எஞ்சினால் இது இயலாது. தாழ்ந்த கியரிலோ 4 பரிவலுவிற்குக் குறைவாகவே போதும். ஏறும்போது எஞ்சினின் ஓசை தாழ்ந்து கரும்புகை வெளிப்படுமாயின் கியர் உயர்ந்தது, அல்லது பாரம் மிகையானது என அறிதல் வேண்டும். தாழ்ந்த கியரிலும் ஏறாவிடின் பாரத்தைப் பாதியாக்கி இருமுறை கொண்டு செல்வதே முறை.

இறக்கத்தில் நிகழ்வது

ஏற்றத்திற் பிழைபட்டால் இயந்திரம் நிற்கும். இறக்கத்திற் பிழைபட்டால் உயிருக்கே இடர் நேரும். மேற்கூறிய சரிவில் இறங்கும்போது, பாதையின் தடை போக, 100 கிலோகிராம் நிறைக்குச் சமமான விசை முழுத்தொகுதியையும் கீழ்நோக்கித் தள்ளும். அதனைத் தாங்குவது எஞ்சினின் தடையாகும். தாழ்ந்த கியரில் எஞ்சின் தாங்கவேண்டிய பளு, உயர்ந்த கியரில் தாங்கவேண்டியதில் மூன்றிலொன்றேயாம். ஆதலின், எந்தக் கியரில் ஏறவேண்டுமோ அதனினும் உயர்ந்த கியரில் அச்சரிவில் இறங்குதல் ஆகாது.

எரிபொருளைச் சேமிக்கக் கருதிச் சிலர் கிளச்சை விடுவித்து இறங்குவர். இது மிக ஆபத்தானது. அப்போது எஞ்சினின் தடை முற்றாக அற்றுவிடும். விரைந்து ஓடும் இயந்திரத்தில் மீண்டும் கியரைப் பூட்டுதலும் அரிது. சரிவின் நடுவிற் கியரை மாற்ற முயல்வோருக்கும் இதே இடர் நேரும். எனவே, சரிவு தொடங்குமுன்பே இயந்திரத்தை நிறுத்தி, தாழ்ந்த கியரைப் பூட்டி, வேகப்பிடியைக் குறைத்து இறங்குதல் வேண்டும்.

திசைதிருப்பும் கிளச்சுகள்

சமதரையில் இடப்பக்கப் பிடியை அழுத்தினால் இடச்சில்லின் இயக்கம் அற்று இயந்திரம் இடப்பக்கம் திரும்பும். இறக்கத்திற் பெட்டி தள்ளும்போது நிகழ்வது இதற்கு மாறானது. இடப்பிடியை அழுத்தியதும் இடச்சில்லு எஞ்சினின் தடையிலிருந்து விடுபட்டு விரைந்தோடும். வலச்சில்லு மெதுவாகவே செல்லும். இயந்திரம் வலப்பக்கம் திரும்பிவிடும். ஒடுங்கிய குளக்கட்டிற் பழக்கத்தினாற் பிடியை அழுத்தும் சாரதி, தான் விலக நினைத்த பள்ளத்திலேயே விழ நேரும். ஆகையால் இறக்கத்தில் இப்பிடிகளைத் தொடாது, கைபிடியைத் தள்ளியே மெதுவாகத் திருப்புதல் வேண்டும்.

பாரம் ஏற்றும் முறை

மூடைகளைப் பெட்டியின் அச்சிற்குச் சற்று முன்னே பாரம் அமையுமாறு அடுக்குக. பின்னே கூடினால் இணைப்பு மேலெழுந்து, இயக்கும் சில்லுகள் நிலத்தை நன்கு பற்றாது வழுக்கும். மூடைகளை உயர அடுக்குதலும், அவற்றின் மேல் ஆட்களை ஏற்றுதலும் தகாது. பெட்டியின் பிறேக்கைப் புறப்படுமுன் சோதித்தல் வேண்டும். சரிவில் நிறுத்த நேரின் சில்லுகளுக்குக் கட்டை வைக்க வேண்டும்.

சரிவை அளத்தல்

1 மீற்றர் நீளமான நேரிய சட்டத்தின் ஒரு முனையைப் பாதையின் மேற்பக்கத்தில் ஊன்றி, சட்டத்தை நீர்மட்டத்தின் உதவியாற் கிடையாகப் பிடிக்குக. மறுமுனைக்கும் நிலத்திற்கும் இடையிலுள்ள உயரம் 10 சதமமீற்றராயின் அது இங்குக் கூறப்பட்ட 10 இற்கு 1 சரிவாகும். வழக்கமாகச் செல்லும் பாதையின் சரிவுகளை இவ்வாறு ஒருமுறை அளந்து, ஒவ்வொன்றிற்கும் உரிய கியரையும் பாரத்தையும் தீர்மானித்து வைத்தல் நன்று. இயந்திரத்தை வாடகைக்கோ இரவலாகவோ கொடுப்போர், பெறுபவருக்கும் இவற்றைச் சொல்லிக் கொடுத்தல் வேண்டும்.

மேலதிக விளக்கங்களை அவ்வப் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டு அறிந்துகொள்க.