முழங்கால் தேய்மானமும் தடுமாற்றமும்

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது, முழங்காலில் மூட்டுத் தேய்மானம். சதுர்த்தி தோறும் உச்சிப் பிள்ளையாரைப் பார்த்தே தீருவார். இப்போது வீட்டு வாசற்படியிலேயே தடுமாறுகிறார். மலைக்கோட்டை ஏறலாமா?
– ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: தடுமாற்றத்துக்கு வயசுதான் காரணம் என்று விட்டுவிடாதீர்கள். தேய்மானம் மூட்டோடு நிற்பதில்லை. வலிக்குப் பயந்து காலை மடக்காமல் நடக்க நடக்க, தொடையின் முன்பக்கத் தசை இளைத்துப்போகிறது. உடல் எடை காலில் இறங்கும்போது முட்டியைத் தாங்கிப் பிடிப்பது அந்தத் தசைதான். கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் மங்குகிறது. அதனால்தான் முட்டி சட்டென்று மடங்கிவிடுகிறது.

மலைக்கோட்டையில் 400-க்கும் மேற்பட்ட படிகள். ஏறும்போது மூச்சுதான் வாங்கும். முட்டிக்குச் சோதனை இறங்கும்போதுதான். வெறுங்கால், களைத்த தொடை, பின்னால் கூட்டம். இப்போதைக்கு அடிவாரத்து மாணிக்க விநாயகரோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்பதே என் எண்ணம்.

அதற்குள் தொடையைத் தேற்றுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, 5 நொடி நிறுத்தி, மெதுவாக இறக்க வேண்டும். காலுக்குப் 10 முறை, தினமும். மற்ற பயிற்சிகளைப் பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தருவார். கைத்தடி, வலிக்கிற காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் இருக்கட்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கிற கால் முதலில்.

பிரஷர் மாத்திரையோ தூக்க மாத்திரையோ சாப்பிடுகிறாரா? அவையும் தள்ளாட வைக்கலாம். டாக்டரிடம் வலியை மட்டும் சொல்லாமல், தடுமாறியதையும் நீங்களே சொல்லுங்கள். அம்மாக்கள் அதை மறைத்துவிடுவார்கள்.