முதல் அட்டை

கிள்ளானில் உள்ள ஒரு மருத்துவமனையில் பத்தாண்டுகள் பணியாற்றிய தாதி ஒருவருக்கு அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில் வேலை கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். குடியேறுவதற்கான விசாவுடன் அவர் மட்டும் முதலில் அங்குப் போய்ச் சேர்கிறார். கணவரும் ஆறு வயது மகளும் கிள்ளானில் காத்திருக்கிறார்கள். வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டு அவர்களை அழைத்துக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். கையில் ஓரளவு சேமிப்பு உண்டு, சம்பளத்திலும் குறையில்லை. ஆனால், வீடுதான் கிடைக்கவில்லை.

அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் இருந்த பெண்மணி அவரிடம் சம்பளத்தைப் பற்றிக் கேட்டார். பிறகு, “உங்கள் கடன் மதிப்பெண் எவ்வளவு?” என்று கேட்டார்.

“எனக்குக் கடனே இல்லை” என்றார் தாதி, சற்றுப் பெருமையாகவே.

அந்தப் பெண்மணி கணினியில் ஏதோ தட்டிப் பார்த்தார். “உங்களைப் பற்றி எந்தப் பதிவும் இல்லை. அப்படியானால் வைப்புத்தொகையை இரு மடங்காகக் கட்ட வேண்டும்; இல்லையென்றால் உங்களுக்காகப் பொறுப்பேற்க இந்த ஊர்க்காரர் ஒருவர் கையெழுத்திட வேண்டும்” என்றார்.

மின்சார இணைப்புக்கு விண்ணப்பித்தபோதும் வைப்புத்தொகை கேட்டார்கள். கைப்பேசியைத் தவணையில் வாங்க முடியவில்லை. கார் காப்புறுதிக் கட்டணம், உடன் பணியாற்றுவோர் கட்டுவதைவிட அதிகமாக இருந்தது. டெக்சஸ் மாநிலத்தில் காப்புறுதி நிறுவனங்களும் கடன் வரலாற்றைப் பார்த்துக் கட்டணம் விதிக்கலாம். ‘கடனில்லாக் கஞ்சி கால் வயிறு’ என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்ட ஒருவருக்கு, கடன் வாங்காததே ஒரு குறையாகப் பார்க்கப்படுவது எப்படி இருந்திருக்கும்!

உண்மையில் அவர் கடனே வாங்காதவர் அல்லர். மலேசியாவில் ஒரு மைவி காரை ஒன்பதாண்டுத் தவணையில் வாங்கி, ஒரு மாதமும் தவறாமல் கட்டி முடித்தவர். அவருடைய தவணைகள் பேங்க் நெகாரா மலேசியாவின் ‘சிசிரிஸ்’ எனப்படும் கடன் தகவல் முறையில் பதிவாகி வந்தன. மலேசிய வங்கி எதற்குச் சென்றாலும் அப்பதிவு அவருக்காகப் பேசியிருக்கும். ஆனால், ஒவ்வொரு நாடும் தனக்கென ஒரு பேரேடு வைத்திருக்கிறது. ஒரு நாட்டுப் பேரேட்டை இன்னொரு நாட்டு வங்கி பெரும்பாலும் புரட்டிப் பார்ப்பதில்லை. தாதியின் பல்கலைக்கழகச் சான்றிதழும் பணி அனுபவமும் கடல் கடந்து ஏற்றுக்கொள்ளப்பட்டன. ஒன்பதாண்டு நாணயம் மட்டும் விமான நிலையத்திலேயே தங்கிவிட்டது.

அமெரிக்காவில் இப்பேரேட்டை எக்விஃபேக்ஸ், எக்ஸ்பீரியன், டிரான்ஸ்யூனியன் என்னும் மூன்று தனியார் நிறுவனங்கள் பராமரிக்கின்றன. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்போது கட்டினார், எத்தனை நாள் தாமதித்தார் என்ற தகவல்களை வங்கிகள் இவற்றுக்கு அனுப்புகின்றன. அத்தகவல்களிலிருந்து 300 முதல் 850 வரையிலான ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. ‘ஃபைக்கோ’ எனப்படும் மதிப்பெண்ணே அதிகம் பயன்படுகிறது. அது கிடைக்க வேண்டுமானால், குறைந்தது ஆறு மாதங்களுக்கு முன்பு தொடங்கிய ஒரு கடன் கணக்காவது ஒருவருக்கு இருக்க வேண்டும். நேற்று வந்து இறங்கியவருக்கு மதிப்பெண் குறைவு என்று சொல்வதும் தவறு. அவருக்கு மதிப்பெண்ணே கிடையாது.

இந்நிலை குடியேறிகளுக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க அரசின் நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்நாட்டில் ஏறத்தாழ 2 கோடியே 60 லட்சம் பெரியவர்களுக்குக் கடன் பதிவு எதுவும் இருக்கவில்லை என்று அப்போது மதிப்பிடப்பட்டது. அதாவது, பத்துப் பேரில் ஒருவர்.

‘பதிவு இல்லையென்றால் ஒரு கடன்பற்று அட்டை வாங்கிப் பதிவைத் தொடங்கினால் போயிற்று’ என்று எண்ணினார் தாதி. ஒன்பது இலக்கச் சமூகப் பாதுகாப்பு எண் கைக்கு வந்ததும் ஒரு வங்கியில் விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். அடுத்த வாரம் இன்னொரு வங்கி. அதன்பின் ஒரு பேரங்காடியின் அட்டை. மூன்றும் மறுக்கப்பட்டன. ஏன் மறுத்தோம் என்பதை விண்ணப்பித்தவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஆகவே மூன்று இடங்களிலிருந்தும் கடிதம் வந்தது. மூன்றிலும் ஏறக்குறைய ஒரே காரணம்தான்: கடன் வரலாறு போதவில்லை. அட்டை பெற வரலாறு வேண்டும். வரலாறு பெற அட்டை வேண்டும். திருமணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் திருமணம் என்ற கதைதான்!

அவர் அறியாத இன்னொன்றும் நடந்திருந்தது. அட்டைக்கு ஒருவர் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அதுவும் பேரேட்டில் பதிவாகிறது. குறுகிய காலத்தில் பல இடங்களில் விண்ணப்பித்தால், அவருக்குப் பணமுடை போலும் என்று அடுத்த வங்கி ஐயுறும்.

முன்பெல்லாம் இப்படி இல்லை. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா, கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோ நகரில் தன் முதல் கடன்பற்று அட்டையை அறிமுகப்படுத்தியபோது, யாரும் விண்ணப்பிக்காமலேயே 60,000 அட்டைகளை வீடுகளுக்கு அஞ்சலில் அனுப்பி வைத்தது. கேளாமல் அட்டை அனுப்பும் வழக்கத்தை 1970இல் சட்டம் தடைசெய்தது. மற்றக் கடன்களைப் பொறுத்தவரை, பல இடங்களில் வங்கி மேலாளரின் மனம்தான் அளவுகோல். விண்ணப்பித்தவரின் நிறம், பெயர், குடியிருக்கும் தெரு எல்லாம் அவர் கண்ணில் படும். திருமணமான பெண் கடன் கேட்டால், கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்டவர்களும் உண்டு. பெண் என்பதற்காகக் கடன் மறுக்கக் கூடாது என்ற சட்டம் 1974இல்தான் வந்தது. இனம், சமயம், பூர்வீக நாடு ஆகியவற்றைக் காட்டி மறுக்கக் கூடாது என்பது 1976இல் அச்சட்டத்தில் சேர்ந்தது. பில் ஃபேர் என்ற பொறியாளரும் ஏர்ல் ஐசக் என்ற கணித வல்லுநரும் 1956இல் தொடங்கிய நிறுவனமே பிற்காலத்தில் ஃபைக்கோ மதிப்பெண்ணை உருவாக்கியது. மதிப்பெண்ணுக்கு ஒருவரின் நிறமும் பெயரும் தெரியாது. அது ஒரு முன்னேற்றமே. ஆனால், அந்தத் தாதியின் ஒன்பதாண்டு உழைப்பும் அதற்குத் தெரியாது. பழைய மேலாளரிடம் மைவிக் காரின் கடன் தீர்ந்த கடிதத்தையாவது எடுத்துக் காட்டியிருக்கலாம்.

மருத்துவமனையில் அவரோடு இரவுப் பணி பார்த்த மூத்த தாதி பிலிப்பீன்ஸிலிருந்து வந்து பல ஆண்டுகள் ஆனவர். இதே சுவரில் தாமும் முட்டிக்கொண்டவர். உணவு நேரத்தில் மூன்று கடிதங்களையும் வாங்கிப் பார்த்துவிட்டு, மேற்கொண்டு எங்கும் விண்ணப்பிக்க வேண்டாம் என்றார். அவர் சொன்ன வழிகள் சில. உறவினர் யாராவது அங்கே நீண்ட நாள் இருந்தால், அவருடைய அட்டையில் கூடுதல் பயனராகப் பெயரைச் சேர்க்கச் சொல்லலாம்; அவரது நற்பெயரில் ஒரு பங்கு வந்து சேரும். தாதிக்கு அங்கு உறவினர் இல்லை. சில குறிப்பிட்ட நாடுகளிலிருந்து வந்தவர்களின் தாய்நாட்டுப் பதிவை வரவழைத்துப் பார்க்கும் ஏற்பாடும் 2019 முதல் ஓர் அட்டை நிறுவனத்திடம் உண்டு. ஆனால், அது எல்லா நாட்டவருக்கும் கிடைப்பதன்று. எஞ்சியது ஒன்று: வைப்புத்தொகை கட்டிப் பெறும் அட்டை.

இந்த அட்டை ஒரு விந்தையான பொருள். வங்கியில் 300 டாலர் வைப்பாகக் கட்டினால், 300 டாலர் வரை செலவிடக்கூடிய அட்டை கிடைக்கும். கட்டிய பணம் வங்கியின் பிடியில் பத்திரமாக இருக்கும். அதை எடுத்துச் செலவிடவும் முடியாது. அட்டைக் கடனை அதிலிருந்து கழிக்கச் சொல்லவும் முடியாது. அட்டையில் செலவிடும் தொகையைத் தனியாக மாதந்தோறும் கட்ட வேண்டும். தம் பணத்தைக் கொடுத்துவிட்டு அதே அளவுக்குக் கடன் வாங்குவது வேடிக்கையாக இல்லையா என்று தாதி கேட்டார். வேடிக்கைதான். ஆனால், வங்கிக்கு இழப்பு அச்சம் இல்லாததால் மறுக்கக் காரணமும் குறைவு. முக்கியமானது வேறு: ஒவ்வொரு மாதமும் அவர் கட்டும் தொகை அந்த மூன்று நிறுவனங்களின் பேரேட்டிலும் ஏறும். சில அட்டைகள் அவ்வாறு தெரிவிப்பதில்லை. அதனால் வாங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு மூத்த தாதி எச்சரித்தார்.

அட்டை வந்தது. கைப்பேசிக் கட்டணம், காருக்கு எரிபொருள் என மாதம் நாற்பது டாலர் அளவில் மட்டுமே அதில் செலவிட்டார். நான்காம் மாதம், மகள் வரும்போது வேண்டுமே என்று 265 டாலருக்கு ஒரு கட்டிலும் மெத்தையும் வாங்கினார். கட்டணப் பட்டியல் வந்த அன்றே முழுத்தொகையையும் கட்டிவிட்டார். ஒரு சென்கூடப் பாக்கி இல்லை. அடுத்த வாரம் தம் கடன் பதிவை எடுத்துப் பார்த்தபோது திடுக்கிட்டார். அனுமதித்த கடனில் 88 விழுக்காட்டைப் பயன்படுத்தியவர் என்று அதில் இருந்தது.

நடந்தது இதுதான். வங்கிகள் பொதுவாகக் கட்டணப் பட்டியல் தயாராகும் நாளில் அட்டையில் எவ்வளவு பாக்கி இருக்கிறதோ அத்தொகையையே தெரிவிக்கும். அதன்பின் கட்டியது அடுத்த மாதக் கணக்கில்தான் தெரியும். ஃபைக்கோ மதிப்பெண்ணில் 35 விழுக்காடு தவணை தவறாமல் கட்டியதற்கும், 30 விழுக்காடு கடன்பட்டிருக்கும் அளவுக்கும் உரியது. எல்லையை ஒட்டிச் செலவழிப்பவர், நேர்மையாகக் கட்டினாலும், நெருக்கடியில் இருப்பவராகத் தோன்றுவார். நல்லவேளையாக, இக்கறை நிலைப்பதில்லை. அடுத்த மாதம் பாக்கி குறைந்ததும் பதிவும் சரியாயிற்று. பெரிய பொருள் வாங்கினால் பட்டியல் தயாராகும் முன்பே பணத்தைக் கட்டிவிட வேண்டும் என்பதை அந்தக் கட்டில் அவருக்குக் கற்றுக்கொடுத்தது.

தாமதமாகக் கட்டுவது இப்படிப்பட்டதன்று. கெடு தாண்டி முப்பது நாள்கள் ஆகிவிட்டால் அத்தவறு பேரேட்டில் ஏறிவிடும். ஏழாண்டுகள் வரை அழியாது. அதனால், மாதப் பாக்கி முழுவதும் வங்கிக் கணக்கிலிருந்து தானாகவே கழியும்படி அவர் ஏற்பாடு செய்துகொண்டார்.

‘முழுவதும்’ என்ற சொல்லில்தான் எல்லாம் இருக்கிறது. ஒவ்வொரு பட்டியலிலும் ‘குறைந்தபட்சத் தொகை’ என்று ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். அதை மட்டும் கட்டினால் பதிவில் கறை படாது. ஆனால், எஞ்சிய பாக்கிக்கு வட்டி ஓடும். ஒருவர் 1,000 டாலர் கடன்பட்டு, ஆண்டு வட்டி 24 விழுக்காடு என்றால், முதல் மாத வட்டியே 20 டாலர். அவர் மாதம் 25 டாலர் கட்டினால் கடனில் கழிவது 5 டாலர்தான். புதிதாக ஒரு பொருளும் வாங்காமல், இப்படியே கட்டிக்கொண்டு போனால் கடன் தீர 82 மாதங்கள் ஆகும். கட்டி முடிக்கும்போது மொத்தம் 2,000 டாலருக்கு மேல் கொடுத்திருப்பார். பதிவில் அவர் நல்ல பிள்ளையாகவே இருப்பார்; பை மட்டும் காலியாகியிருக்கும். அட்டைக் கடனைப் பற்றிப் பெரியவர்கள் கொண்டிருக்கும் அச்சம் பழைமைவாதம் என்று யாராவது சொன்னால், இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும்.

இங்கும் நிலை வேறுபட்டதன்று. மலேசியாவில் ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 ரிங்கிட் உள்ளவருக்கே கடன்பற்று அட்டை வழங்கலாம். சிங்கப்பூரில் குடியுரிமையும் நிரந்தரவாசத் தகுதியும் உடையவரிடம் எதிர்பார்ப்பதைவிட வெளிநாட்டவரிடம் அதிக வருமானத்தை வங்கிகள் கேட்பது வழக்கம். புதிதாக வந்தவருக்கு எங்கும் முதல் கதவு சற்று இறுக்கமானதுதான்.

ஏழாம் மாதம் அந்தத் தாதிக்கு முதன்முதலாக ஒரு மதிப்பெண் கிடைத்தது. எழுநூறுக்குச் சற்றுக் குறைவு. அதே குடியிருப்பு அலுவலகத்துக்குப் போனார். அதே பெண்மணி கணினியைத் தட்டினார். இம்முறை ஒரு மாத வாடகையை மட்டுமே வைப்பாகக் கேட்டார். அடுத்த பள்ளித் தவணை தொடங்கும் முன் கணவரும் மகளும் வந்து சேர்ந்தார்கள். ஓராண்டு முடிந்தபோது வங்கி அவருடைய 300 டாலரைத் திருப்பிக் கொடுத்து, வைப்புத்தொகை இல்லாத அட்டையாக மாற்றித் தந்தது.

கிள்ளானிலிருந்து அவர் அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

“கடன் அட்டை வைத்திருக்கிறாயாமே! எவ்வளவு கடன்மா இருக்கிறது?”

மகள் கைப்பேசியில் பார்த்தார். “நாற்பத்திரண்டு டாலர், அம்மா. வெள்ளிக்கிழமை தானாகவே கட்டிவிடும்.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் ஏன் வைத்திருக்கிறாய்? இன்றைக்கே கட்டிவிடு.”