துண்டாடப்பட்ட காடும் சிங்கவால் குரங்கும்

பரந்த காட்டைச் சாலையும் தோட்டமும் ஊரும் ஊடறுத்துச் சிறு திட்டுகளாக்குவதைக் காடு துண்டாடப்படுதல் என்பர். இதனால் மரங்கள் குறைவதோடு, எஞ்சிய மரங்களுக்கிடையே இருந்த தொடர்பும் அறுபடுகிறது. காட்டுப் பாலூட்டிகளுக்கு இதனால் நேரும் இடர்களை வால்பாறையை எடுத்துக்காட்டாகக் கொண்டு அறிவோம்.

ஆனைமலையின் மேலுள்ள வால்பாறைப் பீடபூமியில் 1890களிலிருந்து மழைக்காடு அழிக்கப்பட்டுத் தேயிலை, காப்பித் தோட்டங்கள் எழுந்தன. அவற்றினிடையே காட்டுத்திட்டுகள் தீவுகள்போல் எஞ்சின. அவற்றுள் ஒன்றான புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் வாழ்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இவை இயற்கையாக வாழ்வதில்லை.

இவற்றுக்கு நேரும் இடர்கள் மூன்று.

முதலாவது: இவை மரத்திலேயே வாழும் இயல்பின. வெடிப்பலா, அத்தி முதலிய மரங்களின் கனிகளையும் பூச்சிகளையும் உண்பவை. கிளைத்தொடர் அறுந்த இடத்தில் தரையிறங்கிச் சாலையைக் கடக்கையில் வாகனங்களில் அடிபடுகின்றன.

இரண்டாவது: பருவமெய்திய ஆண் குரங்கு வேறு கூட்டத்தை நாடிச் செல்வது இயல்பு. வழி அடைபடின் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நிகழ்ந்து, வழித்தோன்றல்கள் நலிவுறக்கூடும்.

மூன்றாவது: ஓர் ஈற்றுக்குப் பெரும்பாலும் ஒரு குட்டியே, அடுத்த ஈற்றுக்கும் நெடுங்காலம் ஆகும். ஆதலின் இழப்பு எளிதில் ஈடாவதில்லை.

இதற்குத் தீர்வும் உண்டு. சாலையின் இருமருங்கு மரங்களையும் இணைத்து, குரங்குகள் கடக்கும் தொங்குபாலங்கள் அமைத்துள்ளனர். தோட்ட நிறுவனங்களின் துணையுடன் ஆய்வாளர்கள் காட்டுத்திட்டுகளில் அம்மண்ணுக்குரிய மரக்கன்றுகளை நட்டு வருகின்றனர். திட்டுகளுக்கிடையே தோட்டங்களின் வழியே நடமாடும் யானைகளைப் பற்றி மக்களுக்குக் கைப்பேசிக் குறுஞ்செய்தியாலும் செவ்விளக்காலும் முன்னறிவிக்கும் முறையும் ஏற்பட்டது. யானையை எதிர்பாராது எதிர்ப்பட்டு உயிரிழப்பதைத் தடுப்பதே இதன் நோக்கம். பாலம் குரங்கையும் முன்னறிவிப்பு மனிதரையும் காக்கின்றன; காட்டை மீட்பது இரண்டிற்கும் அடிப்படை.

இங்கு நம் இல்லத்தார் கருதவேண்டியது ஒன்றுண்டு. மலைச் சாலையில் குரங்கைக் கண்டால் பழமோ தின்பண்டமோ அளிப்பதை நாம் ஜீவதயை எனக் கருதுகிறோம். அவ்வுணவு குரங்கை மரத்தினின்று சாலைக்கு இறக்கிப் பழக்கிவிடுகிறது. வாகனம் மோத ஏதுவாவதும் அப்பழக்கமே. எண்ணம் நன்றாயினும் விளைவு கொலையாகலாம். ஆகவே உணவிடாது, வண்டியை மெல்லச் செலுத்திக் கடப்பதே அவ்விடத்துக்குரிய கொல்லாமை. ஓரறிவுயிராகிய மரத்தைக் காப்பது ஐயறிவுயிரைக் காப்பதுமாகும் என்பதைப் பிள்ளைகளுக்கு எடுத்துரைப்போம்.

சிந்தனைக்கு:
1. மரங்கள் இருந்தும் காடு துண்டாடப்பட்டது என்பது ஏன்?
2. ஆண் குரங்கின் வழி அடைபட்டால் விளைவது யாது?
3. சாலையோரத்தில் உணவிடுதல் தீங்காவது எங்ஙனம்?