தம்பி மனைவிக்குப் புற்றுநோய்: பிள்ளைகளை நான் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: என் தம்பி மனைவிக்கு 31 வயது. மார்பில் கட்டி தெரிந்தபோது பால் கட்டியிருக்கிறது என்று நினைத்து எல்லோரும் சும்மா இருந்துவிட்டோம். இப்போது பயாப்ஸியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. மதுரையில் சிகிச்சை. 21 நாளுக்கு ஒருமுறை எட்டு கீமோ, பிறகு ஆபரேஷன், அதன்பிறகு கரண்ட் வைப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் கீமோ போன வாரம் முடிந்தது. பெண் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பையனுக்குப் பத்து மாதம். கீமோ தொடங்கும்வரை தாய்ப்பால் குடித்தவன். தம்பி லோடு வண்டி ஓட்டுகிறான். வண்டி ஓடினால்தான் வருமானம்.

நான் பக்கத்து ஊரில் இருக்கிறேன். எல்லாம் முடியும்வரை பிள்ளைகள் இருவரும் என் வீட்டில் இருக்கட்டும் என்றேன். எங்கள் அம்மாவும் அதுதான் சரி என்கிறார். “அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு பெரியவகிட்ட சொல்லிக்கலாம்” என்கிறார். தம்பி மனைவி மட்டும் பதில் பேசாமல் அழுகிறாள். நான் சொன்னதில் தப்பு இருக்கிறதா? வேறு எப்படி உதவலாம்?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில் (புற்றுநோய்ப் பிரிவு மருத்துவ சமூகப் பணியாளர்):

அன்புள்ள சகோதரி, நாத்தனாராக இருந்து இப்படிக் கேட்டு எழுதியதே பெரிய விஷயம். ஆனால் பிள்ளைகளை அழைத்துப் போக வேண்டாம் என்பதுதான் என் பதில்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு கீமோவுக்கே ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும். அதன்பிறகு ஆபரேஷன், புண் ஆறும் காலம், பிறகு வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் கரண்ட் எனும் கதிர்வீச்சு. முழுதும் முடிய ஒரு வருடத்தை நெருங்கிவிடும். அதற்குள் பையன் நடப்பான், பேசுவான், உங்களைத்தான் அம்மா என்று கூப்பிடுவான். தம்பி மனைவி பேசாமல் அழுவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். உடம்பு தேறினாலும் பிள்ளை தன்னிடம் திரும்ப வருவானா என்ற பயத்தைப் புகுந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ‘நாத்தனார் நல்லதுக்குத்தான் சொல்றாங்க, மறுத்தா தப்பா நினைப்பாங்க’ என்ற கட்டு வேறு.

நீங்கள் தூக்கிக்கொள்ள வேண்டியது அந்த வீட்டின் வேலைகளை. சமையல், துணி, பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிடுவது, ராத்திரி பையன் விழித்தால் பால் கலக்குவது, ஆஸ்பத்திரிக்குத் துணை போவது எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். தலைவாருவது, கதை சொல்வது, மடியில் வைத்து ஊட்டுவது அவருடையவை. முடியாத நாளில் படுத்தபடியே மகளின் வீட்டுப்பாடத்தைக் கேட்டால்கூடப் போதும். “என்ன உதவின்னாலும் கேளு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களிடம் நோயாளிகள் எதையும் கேட்பதில்லை. “திங்கள் முதல் வெள்ளி வரை ராத்திரிச் சாப்பாடு என் பொறுப்பு” என்று சொல்லுங்கள்.

எப்போது போய்த் தங்குவது என்பதற்கு அந்த 21 நாளே வழிகாட்டும். ஆளுக்கு ஆள், மருந்துக்கு மருந்து மாறும் என்றாலும் பொதுவாகக் கீமோ ஏற்றிய முதல் நாலைந்து நாள்தான் குமட்டலும் அசதியும் அதிகம். அந்த நாட்களில் நீங்கள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். ஏறத்தாழ ஏழாம் நாள் முதல் பதினான்காம் நாள் வரை ஆள் தெளிந்ததுபோலத் தெரிவார்; ஆனால் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் மிகவும் குறைந்திருப்பது அப்போதுதான். கூட்டம், கல்யாணம், சளி பிடித்த விருந்தாளி எதுவும் வேண்டாம். மூன்றாவது வாரத்தை அவருக்கு விட்டுவிடுங்கள். மகளின் பள்ளி விழா, பிறந்தநாள், கோயில் வாசல்வரை ஒரு நடை எல்லாவற்றையும் அந்த வாரத்தில் வைத்துக்கொள்ளலாம். நாட்காட்டியில் எட்டு கீமோவையும் குறித்துவிட்டால் வீட்டில் பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது வாரத்தில் காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். தெர்மாமீட்டர் 100.4 டிகிரி காட்டினால், நள்ளிரவானாலும், உடனே மருத்துவமனை. ‘ஒரு டோலோ போட்டுப் பார்ப்போம், காலையில் போவோம்’ என்று காத்திருக்கக் கூடாது. மாத்திரை காய்ச்சலை மறைத்துவிடும். தொற்று உள்ளே ஓடிக்கொண்டிருக்கும். தெரு முனை கிளினிக்கில் ஓர் ஊசி போட்டுத் திரும்புவதும் கூடாது. போகிற இடத்தில் முதல் வார்த்தையே “கீமோ நடக்குது” என்பதாக இருக்கட்டும். கீமோ ஃபைலும் கையில் இருக்கட்டும். தம்பி வெளியூர் லோடு போயிருக்கும் ராத்திரி யாருடைய ஆட்டோவைக் கூப்பிடுவது, பிள்ளைகளோடு யார் இருப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 108.

பெரியவளிடம் பொய் வேண்டாம். ஒரே வீட்டில், ஒரே ஊரில் வைத்துக்கொண்டு ‘அம்மா ஊருக்குப் போயிருக்கா’ எத்தனை நாள் நிற்கும்? பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒருநாள் “உங்கம்மாவுக்கு கேன்சராமே” என்று கேட்டுவிடும். ஆறு வயதுக் குழந்தைகள் காரணத்தைத் தங்கள் பக்கமே திருப்பிக்கொள்வார்கள். ‘நான் அன்னைக்கு அம்மாவை அடிச்சேன், அதனாலதான்’ என்று ஒரு குழந்தை யாரிடமும் சொல்லாமல் மாதக்கணக்கில் வைத்திருக்கும். படுக்கையை நனைப்பது, விரல் சூப்புவது, பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் வயிற்றுவலி என்பது எல்லாம் அதன் வெளிப்பாடாக இருக்கலாம். திட்டாதீர்கள். வகுப்பு டீச்சரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை, தட்டம்மை கண்டால் உடனே தெரிவிக்கும்படியும் கேளுங்கள்.

அவளிடம் நோயின் பெயரையே சொல்லுங்கள். ‘காய்ச்சல்’ என்று சொல்லிவைத்தால் அடுத்தமுறை தனக்குக் காய்ச்சல் வரும்போது முடி கொட்டுமோ என்று பயப்படுவாள். இவ்வளவு போதும்: “அம்மாவுக்குப் புற்றுநோய்னு ஒரு நோய் வந்திருக்கு. நீ செஞ்ச எதனாலயும் வரல. தொட்டா ஒட்டாது. டாக்டர் மருந்து ஏத்துறாங்க. அந்த மருந்தால அம்மாவுக்கு முடி கொட்டும், அப்புறம் முளைக்கும். அம்மா படுத்திருக்கும்போது அத்தை உன்னைப் பார்த்துப்பாங்க.” அம்மா செத்துப்போவாளா என்று கேட்டால் பேச்சை மாற்றாதீர்கள்; “அது நடக்காம இருக்கத்தான் இவ்வளவு மருந்து” என்பது உண்மையான பதில். இதை அம்மாவும் அப்பாவும் சேர்ந்து சொல்ல வேண்டும், நீங்கள் பக்கத்தில் இருக்கலாம்.

பையன் விஷயத்தில் பாலை நிறுத்தியது சரி. கீமோ மருந்து தாய்ப்பாலில் இறங்கும். நோய் ஒட்டிக்கொள்ளும் என்பதற்காக நிறுத்தவில்லை. இதை உங்கள் அம்மாவுக்கும் அக்கம்பக்கத்துக்கும் சேர்த்தே சொல்கிறேன், இதுவரை குடித்த பாலால் குழந்தைக்குப் புற்றுநோய் வராது. திடீரென்று நிறுத்தியதால் பால் கட்டி வலித்தால், வீட்டு வழக்கப்படி மல்லிகைப்பூ வைத்துக் கட்டாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பால் வற்ற மாத்திரை உண்டு. பத்து மாதக் குழந்தை இட்லியும் பருப்புச் சோறும் சாப்பிடும். ஒரு வயது ஆகும்வரை எந்தப் பால் கொடுப்பது என்று குழந்தை டாக்டரைக் கேளுங்கள். எதுவானாலும் அம்மா மடியில் உட்காரவைத்து அவர் கையாலேயே கொடுக்கட்டும்.

கட்டிப்பிடிப்பதற்கும் முத்தமிடுவதற்கும் தடையில்லை, பிள்ளைகளுக்குச் சளி காய்ச்சல் இல்லாதவரை. கீமோ ஏற்றிய இரண்டு நாள் மட்டும் அவருடைய சிறுநீர், வாந்தியைச் சுத்தம் செய்பவர் கையுறை போட்டுக்கொள்ள வேண்டும். சிவப்பு நிற மருந்து ஏற்றியிருந்தால் அன்றும் மறுநாளும் சிறுநீர் சிவப்பாகப் போகும். ரத்தம் என்று அலறிவிடாதீர்கள். வெளியிலிருந்து கரண்ட் வைத்துக்கொண்டு வருபவரின் உடம்பில் கதிர் தங்காது. பிள்ளையைத் தாராளமாகத் தூக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகுதான் சில வாரம் அந்தக் கையால் தூக்கக் கூடாது. அவரை உட்காரவைத்து, பையனை மடியில் கொண்டுபோய் விடுங்கள்.

பலரும் கவனிக்காத ஒன்று தடுப்பூசி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று பையனின் ஊசிகள் தள்ளிப்போகும். தட்டம்மை ஊசி போட்டாயிற்றா என்று அட்டையைப் பாருங்கள். அது அம்மாவுக்கும் பாதுகாப்பு. போலியோ சொட்டு மருந்துக்கு மட்டும் முன்கூட்டியே கேளுங்கள். அதிலிருக்கும் உயிருள்ள, வலுவிழந்த கிருமி சில வாரம் குழந்தையின் மலத்தில் வெளியேறும். வீட்டில் கீமோ எடுப்பவர் இருக்கிறார் என்று குழந்தை டாக்டரிடம் சொன்னால் என்ன செய்யலாம் என்று சொல்வார். எப்படியிருந்தாலும் பையனைக் கால் கழுவிவிடும் வேலை சிகிச்சை முடியும்வரை பாட்டிக்கோ உங்களுக்கோ.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை; இருந்தாலும் சொல்கிறேன், ஏனென்றால் நகை அடகுக்குப் போவது முதல் வாரத்திலேயே நடந்துவிடுகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. கீமோ, ஆபரேஷன், கரண்ட் மூன்றும் அதில் வரும். அங்கீகாரம் பெற்ற தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். சிக்கல் பெரும்பாலும் ரேஷன் கார்டில்தான். மருமகளின் பெயர் இன்னும் பிறந்த வீட்டுக் கார்டிலேயே இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பெயரை மாற்றி, இ-சேவையில் வருமானச் சான்றிதழ் வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக ஒரு ஆள் வேண்டும். வண்டி ஓட்டும் தம்பியால் அலைய முடியாது. உங்கள் வீட்டுக்காரர் இதை எடுத்துக்கொள்ளட்டும். மருத்துவமனைச் சான்று இருந்தால் ரயிலில் நோயாளிக்கும் துணைக்கு வரும் ஒருவருக்கும் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தில் 75 சதவீதம் சலுகை கிடைக்கும்.

பார்க்க வருகிறவர்களுக்கு ஓர் ஆளை வாசலில் நிறுத்தலாம் என்றுகூட எனக்குத் தோன்றும். ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கி வந்து, எங்க சித்தப்பா பொண்ணுக்கும் இதேதான், ஆறு மாசம்கூட இருக்கல என்று சொல்லிவிட்டுப் போவார்கள். வேறு சிலர் முள் சீத்தா இலை, பப்பாளி இலைச் சாறு, சர்க்கரையே கூடாது, அரிசியே கூடாது என்பார்கள். கீமோ எடுப்பவருக்கு வயிறு நிறையச் சோறு வேண்டும். முட்டை, மீன், பருப்பு வேண்டும், எல்லாம் நன்றாக வெந்ததாக, சுடச்சுட. எந்தச் சாறும் சூரணமும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். சில மருந்தோடு மோதும், ஈரலைக் கெடுக்கும். ‘அப்பவே காட்டியிருக்கணும்’ என்ற பேச்சையும் வீட்டில் நிறுத்திவிடுங்கள். பால் கொடுக்கும் காலத்தில் வரும் கட்டியைப் பால்கட்டு என்று நினைப்பது எல்லா ஊரிலும் நடக்கிறது.

தம்பியிடம் அக்காவாக நீங்கள் பேச முடியாத ஒரு விஷயத்தை டாக்டர் பேசுவார். போய்க் கேட்கச் சொல்லி அனுப்புங்கள். கீமோவில் மாதவிலக்கு நின்றாலும் கரு தங்கலாம், தங்கக் கூடாது. கருத்தடை மாத்திரை பெரும்பாலும் இவர்களுக்கு ஆகாது, காப்பர்-டி போன்றவை ஆகும். தம்பி மனைவிக்கு உடன்பிறந்த பெண்கள் இருந்தால், 31 வயதில் வந்த நோய் என்பதால் மரபணுப் பரிசோதனை தேவையா என்றும் கேட்கட்டும்.

கடைசி கரண்ட் முடிந்த அன்று உறவினர்கள் இனிப்பு வாங்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அசதி அதன்பிறகும் மாதக்கணக்கில் இருக்கும். மாத்திரை வருடக்கணக்கில் இருக்கலாம். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும் தூக்கம் போகும். உங்கள் விடுப்பையும் தெம்பையும் முதல் இரண்டு மாதத்திலேயே செலவழித்துவிடாமல் அந்த நாட்களுக்கும் கொஞ்சம் மிச்சம் வையுங்கள்.

இதழ் கைக்கு வரும்வரை காத்திருக்க நேரமில்லை என்பதால் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாகவும் அனுப்பியிருக்கிறேன். முதல் கீமோ முடிந்த இரண்டு மூன்று வாரத்தில் முடி கொத்தாக வரத் தொடங்கும். அதற்குள், வரும் ஞாயிற்றுக்கிழமையே, தம்பியையும் அவர் மனைவியையும் உட்காரவைத்துப் பெரியவளிடம் சொல்லச் சொல்லுங்கள்.