ஆய்வுத் தரவு: ஏஐ கையில் கொடுப்பதற்கு முன்

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், சூப்பர் கம்ப்யூட்டரின் பேக்கப் ஏற்பாட்டில் பழைய பதிவு ஃபைல்களை அழிக்கும் சிறு நிரல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடும்போதே அதன் திருத்திய வடிவத்தை மேலே ஏற்றிவிட்டார்கள். நிரல் தடம் புரண்டது. 77 டெராபைட், ஏறத்தாழ 3 கோடியே 40 லட்சம் ஃபைல்கள் போயின. 14 ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் நான்கு குழுக்களின் தரவை மீட்கவே முடியவில்லை. தரவைக் காக்க வைத்திருந்த ஏற்பாடே தரவை விழுங்கியது.

அன்று பிழை செய்தவர்கள் மனிதர்கள். இன்று அதே மாதிரி நிரலைச் சாட்ஜிபிடியும் ஜெமினையும் நொடியில் எழுதித் தருகின்றன. அவசரத்தில் இருக்கும் ஆய்வு மாணவர் படித்துப் பார்க்காமலே ஓட்டிவிடுகிறார். ஆகவே முதல் வேலை, மூலத் தரவைப் பூட்டுவது. கருவியிலிருந்தோ களத்திலிருந்தோ வந்த ஃபைல்களை ‘மூலம்’ என்ற தனி ஃபோல்டரில் போட்டு, படிக்க மட்டும் முடியும்படி அமைத்துவிட வேண்டும். திருத்தம், கணக்கு எல்லாம் நகலில்தான். பிரதிகள் மூன்று: இரண்டு வெவ்வேறு சாதனங்களில், ஒன்றாவது வேறு கட்டடத்தில். ஒரே மேசையில் கிடக்கும் மடிக்கணினியும் பென் டிரைவும் பேக்கப் ஆகாது. மாதம் ஒருமுறை பிரதியிலிருந்து ஒரு ஃபைலை மீட்டுத் திறந்து பார்ப்பதும் அவசியம். திறக்காத பேக்கப்பை நம்ப முடியாது.

அடுத்தது விளக்கக் குறிப்பு. பலரும் அலட்சியம் செய்வது இதைத்தான், ஏஐ சறுக்குவதும் இங்கேதான். வயது என்ற நெடுவரிசையில் 999 என்று இருந்தால், ‘பதில் சொல்லவில்லை’ என்பதற்கான குறி அது என்று கணக்கெடுப்புக்குப் போனவருக்குத் தெரியும். ஏஐக்குச் சொல்லாவிட்டால் அதையும் வயதாகச் சேர்த்துச் சராசரி போட்டுவிடக்கூடும். ஒவ்வொரு நெடுவரிசைக்கும் பெயர், பொருள், அலகு, விடுபட்டதற்கான குறி, யார், எங்கே, எப்போது எடுத்தது என்று ஒரு பக்கத்தில் எழுதி ‘ரீட்மீ’ என்ற பெயரில் தரவோடு வைக்க வேண்டும். தரவு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் போனால் என்ன ஆகும் என்பதைக் கோவிட் காலம் காட்டியது. மார்பு எக்ஸ்ரே, சி.டி. படங்களிலிருந்து கோவிட்டைக் கண்டுபிடிப்பதாகச் சொன்ன ஆய்வுகளைக் கேம்பிரிட்ஜ் குழு ஒன்று அலசி, 2021இல் முடிவை வெளியிட்டது. கூர்ந்து பார்க்கத் தேறிய 62 ஆய்வுகளில் ஒன்றுகூட மருத்துவமனைக்கு ஏற்றதாக இல்லை. சிலவற்றில் கோவிட் படங்கள் பெரியவர்களுடையவை, ஒப்பீட்டுப் படங்களோ குழந்தைகளுடையவை. நோயை அல்ல, வயதைத்தான் ஏஐ கற்றுக்கொண்டிருக்க வாய்ப்பு அதிகம்.

எக்ஸெல் பற்றியும் ஒரு வார்த்தை. ‘மார்ச் 1’, ‘செப்ட் 2’ என்று பெயர் கொண்ட மரபணுக்களை அது தேதிகளாக மாற்றிவிடும். இந்தத் தொல்லை தாங்காமல், 2020இல் மரபணுப் பெயர்க் குழு அந்த மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டது. அவ்வளவு தூரம் போக வேண்டாம். நெடுவரிசையை முதலில் ‘டெக்ஸ்ட்’ என அமைத்துவிட்டுத் தரவை இறக்கினால் போதும்.

மனிதர்களைப் பற்றிய தரவு என்றால், அரட்டைப் பெட்டியில் ஒட்டுவதற்கு முன் அடையாளங்களை நீக்க வேண்டும். பெயரை அழித்துவிட்டால் முடிந்தது என்று நினைப்பது தவறு. 1990களில் அமெரிக்காவில் லடான்யா ஸ்வீனி என்ற மாணவி, பெயர் நீக்கப்பட்ட மருத்துவப் பதிவுகளை வாக்காளர் பட்டியலோடு ஒப்பிட்டு, மாசசூசெட்ஸ் ஆளுநரின் பதிவையே கண்டுபிடித்துக் காட்டினார். அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, பாலினம் மூன்றே போதுமானதாக இருந்தன. நம் ஊர்க் கள ஆய்வில் ஊர், சாதி, தொழில், வயது நான்கும் சேர்ந்தால் ஆளைக் காட்டிவிடும். பிறந்த தேதிக்குப் பதில் வயது வரம்பு, ஊருக்குப் பதில் மாவட்டம் என்று மழுக்குவது நல்லது. இந்தியாவில் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுவது பின்னால் வரும் தலைவலியை மிச்சப்படுத்தும்.

இனி ஏஐயிடம் போகலாம். ஆனால் விடையைக் கேட்கக் கூடாது, விடை காணும் நிரலைக் கேட்க வேண்டும். “இந்தத் தரவின் சராசரி என்ன?” என்றால் ஓர் எண் வரும், அது எப்படி வந்தது என்று கைடு கேட்டால் பதில் இருக்காது. “சராசரி காணப் பைத்தான் நிரல் எழுது, 999ஐ விட்டுவிடு” என்றால் வரிக்கு வரி படிக்கலாம், நாளையும் ஓட்டலாம். இதில் இன்னொரு வசதி: தரவையே ஏஐக்குக் காட்ட வேண்டாம். நெடுவரிசைப் பெயர்களும் பொய்த் தரவு பத்து வரியும் கொடுத்தாலே நிரல் கிடைத்துவிடும். அதை முதலில் அந்தப் பத்து வரியில் ஓட்டி, கையால் போட்ட கணக்கோடு ஒத்துப்பார்த்த பிறகே முழுத் தரவில் ஓட்ட வேண்டும்.

சொந்தமாக ஏஐ மாதிரியைப் பயிற்றுவிப்பவர்கள், சோதனைத் தரவை ஆரம்பத்திலேயே பிரித்துத் தனியே வைக்க வேண்டும். ஒரே நோயாளியின் இரண்டு படங்களில் ஒன்று பயிற்சியிலும் ஒன்று சோதனையிலும் விழுந்தால் மதிப்பெண் எகிறும், பயன் இருக்காது. இத்தகைய கசிவு 17 துறைகளில் 294 ஆய்வுக் கட்டுரைகளைப் பாதித்திருப்பதாகப் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் கபூரும் நாராயணனும் 2023இல் வெளியிட்ட கட்டுரை பட்டியலிட்டது.

கடைசி வேலை, தரவைப் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றுவது. 516 கட்டுரைகளைத் துழாவிய 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றின்படி, கட்டுரைக்குப் பின்னால் உள்ள தரவு கிடைக்கும் வாய்ப்பு ஆண்டுக்கு 17 சதவீதம் வீதம் குறைகிறது. செர்ன் ஆய்வு மையம் 2013இல் தொடங்கிய ஜெனோடோ என்ற களஞ்சியத்தில் ஒரு பதிவுக்கு 50 ஜிபி வரை இலவசம், நிலையான டிஓஐ எண்ணும் கிடைக்கும். வெளியிட அனுமதியுள்ள தரவு, ரீட்மீ, நிரல் மூன்றோடும், எந்த ஏஐயின் எந்தப் பதிப்பிடம் என்றைக்கு என்ன கேட்டோம் என்ற குறிப்பையும் சேர்த்து, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன்பே ஏற்றிவிடுங்கள்.