கல்லெழுத்தும் கையெழுத்தும்

அன்புள்ள ரோசாலுக்கு,

நம் புதுச்சேரிப் புண்ணிய ஸ்தலங்களின் சரித்திரத்தைப் பள்ளி ஆண்டு மலருக்கு எழுத முனைந்திருப்பதாகவும், எங்கே தொடங்குவதென்று விளங்கவில்லை என்றும் எழுதியிருந்தாய். சம்பாக் கோவிலின் வாசலில் தொடங்கு, அங்கேயே முடித்துவிடாதே.

பிரெஞ்சுக்காரர் 'சேன் போல்' என்று வழங்கிய அர்ச். சின்னப்பரின் திருநாமமே நம் ஜனங்களின் நாவில் 'சம்பா' என்று மருவியதென்பர். இயேசு சபைக் குருக்கள் 1692இல் எழுப்பிய முதல் ஆலயம் மறு வருஷமே ஒல்லாந்தர் படையெடுப்பில் அழிந்தது. பின்னெழுந்த பேராலயத்தை 1761இல் ஆங்கிலேயர் தகர்த்தனர். இன்று நாம் ஜெபிக்கும் ஆலயம் 1791இல் நிறைவெய்தியது. இவற்றை எழுதுகையில், அதன் அண்டையில் இருந்த வேதபுரீசுவரர் கோயில் 1748இல் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் ஆட்சியில் இடிக்கப்பட்டதையும், அதை அவருடைய துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை மனம் நொந்து தம் நாட்குறிப்பில் பதிந்ததையும் மறைக்காமல் எழுது. தன் கோவில் இடிந்ததற்கு அழுது, தன்னவர் இடித்ததைச் சொல்லாமல் விடுவது சரித்திரமாகாது.

இனிக் கோவிலைவிட்டுக் கன்னியர் மடத்துக்கு வா. பெண் எழுதப் படிக்கக் கற்பது தாசிகளுக்கே உரியது, குலஸ்திரீக்குத் தகாதது என்று ஊரார் எண்ணியிருந்த காலத்தில், தமிழ் - பிரெஞ்சு அகராதி இயற்றியவர்களில் ஒருவரும், மிஷன் அச்சுக்கூடத்தை நடத்தியவருமாகிய துப்புயி சுவாமியார், 1844ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள், இந்நாட்டுக் கன்னியரைக் கொண்டே மரியாயின் மாசற்ற இருதய சபையை ஸ்தாபித்து, பெண் குழந்தைகளுக்குக் கல்வி புகட்டும் கைங்கரியத்தை அவர்களிடம் ஒப்படைத்தார். வெளிதேசத்துச் சகோதரிகளை வரவழைத்திருந்தால் ஜனங்கள் அதை அந்நிய வழக்கம் என்று ஒதுக்கியிருக்கக்கூடும். தங்கள் மொழியைப் பேசி, தங்கள் வீட்டு வழக்கங்களை அறிந்த பெண்ணே பலகையும் எழுத்தாணியுமாக எதிரே உட்கார்ந்தபோது, தாய்மாரின் அச்சம் சிறுகச் சிறுகத் தணிந்தது.

ஆலயம் இடிந்த ஆண்டும் எழுந்த ஆண்டும் புஸ்தகங்களில் இருக்கின்றன. ஆனால் அக்கன்னியருள், முதன்முதல் ஒரு சிறுமியின் விரலைப் பற்றி 'அ' எழுதுவித்தவர் யாரென்று எக்கல்வெட்டும் கூறவில்லை. அவர் எழுதிய இடம் கல்லன்று. வழிவழியாகத் தாயிடமிருந்து மகளுக்கு வந்து, இன்று உன் பேனாவில் ஓடும் கையெழுத்தே அவருடைய சாசனம்.

ஆகையால், ஞாயிறு பூசை முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாமல், கோவில் திண்ணையில் அமர்ந்திருக்கும் முதிய பெண்மணிகளிடம், தங்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த 'சிஸ்டரம்மா' யாரென்று கேட்டு, அப்பெயர்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவை. உன் கட்டுரையின் முதல் பக்கம் சம்பாக் கோவிலுக்கு. மீதிப் பக்கங்கள் அவர்களுக்கு.

உன் அன்புள்ள,
சித்தப்பா